முன் ஸ்ட்ரட்: வீட்டில் எதுவரை?

பழையவர்கள் இன்னும் ஆக்ரா ரோடு என்று சொல்லும் லால் பகதூர் சாஸ்திரி மார்க் ஓரமாக, மும்பையின் முலுண்ட் மேற்கில்தான் கேப்ரியல் இந்தியா 1961-இல் ஷாக் அப்சார்பர் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் மேர்மான்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஆனந்த் குழுமம் போட்ட முதல் ஆலை அது. இன்று அந்த நிறுவனம் சாக்கன், நாசிக், ஓசூர் என்று பல ஊர்களில் பரவி நிற்கிறது. ஷாக் அப்சார்பர் பற்றிய கேள்வி மட்டும் முலுண்டை விட்டுப் போகவில்லை. செக்நாக்காவிலிருந்து பாண்டுப் வரை அதே சாலையில் ஒரு மழைக்காலம் முழுக்க எஸ்யூவி ஓட்டியவருக்கு, தீபாவளி நெருங்கும்போது முன்சக்கரத்தின் பக்கமிருந்து ஒரு 'டக் டக்' கேட்க ஆரம்பிக்கும். மெக்கானிக் "ரெண்டு ஷாக்கும் போச்சு" என்பார். காணொளிகளைத் தேடினால் அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் இரண்டு மணி நேரத்தில் தானே மாற்றிக் காட்டுவார். ஒருபுறம் "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்ற உற்சாகம், மறுபுறம் "இதெல்லாம் நமக்கு எதற்கு" என்ற ஒதுங்கல். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இந்த வேலையை ஒரே வேலையாகப் பார்ப்பதால்தான் இரண்டு தவறும் நேர்கின்றன. இதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. எது கெட்டது என்று கண்டுபிடிப்பது, ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்கி ஏற்றுவது, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிப்பது. முதலாவது வண்டிக்காரர் அவசியம் கற்க வேண்டியது. இரண்டாவது, இடமும் கருவியும் சரியாக இருந்தால் செய்யலாம். மூன்றாவது, முலுண்டின் எந்தக் கட்டடத்து பார்க்கிங்கிலும் செய்யக்கூடாதது.

ஸ்ட்ரட் என்பது வெறும் ஷாக் அப்சார்பர் அல்ல, அதனால்தான் இந்தப் பிரிவினை தேவைப்படுகிறது. மும்பையை அறுபது ஆண்டுக்காலம் சுமந்த பிரீமியர் பத்மினி டாக்சியின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. எண்ணெய் கசிந்தால் ஷாக்கை மட்டும் அவிழ்த்துப் புதியதை மாட்டிவிடலாம், ஸ்பிரிங் தன் பாட்டுக்கு இருக்கும். 1940-களில் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் யோசித்து, 1950-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்த அமைப்பு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அதில் ஷாக், சுருள் ஸ்பிரிங், மேல் மவுண்டிங் மூன்றும் ஒரே தூணாகிவிட்டன. வண்டியின் முன்பாரம் அந்தத் தூண் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தூணே சுழல்கிறது. சக்கரம் நேராக நிற்பதும் அதைப் பொறுத்தது. உறுப்புகள் குறைவு, விலை குறைவு, என்ஜினைக் குறுக்காக வைக்க இடமும் கிடைக்கும். இந்தியாவில் இதைப் பரவலாக்கியது மாருதி 800. பிறகு மஹிந்திரா எக்ஸ்யூவி 500, ரெனோ டஸ்டர், ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஹூண்டாய் கிரெட்டா, மாருதி பிரெஸ்ஸா என்று தனிச் சட்டம் இல்லாத மானோகாக் உடல் கொண்ட எஸ்யூவிகள் எல்லாம் இதையே எடுத்துக்கொண்டன. இவற்றில் டஸ்டர் ஓரகடத்திலும், ஈகோஸ்போர்ட் மறைமலைநகரிலும், கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையிலும் பிறந்தவை. ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ-என் போன்ற சட்டம் வைத்த வண்டிகளின் முன்பக்கம் வேறு. அவற்றில் மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கின்றன. இரண்டையும் கடையில் 'ஷாக்' என்றே சொல்கிறார்கள். தன் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஸ்பானர் எடுப்பது, நோய் தெரியாமல் மருந்து வாங்குவது போல.

கண்டுபிடிப்பதில் தவறினால்தான் பணமும் பாதுகாப்பும் அதிகம் போகின்றன. எனவே இதில் சற்று நிற்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் வேலை அதிர்ச்சியை வாங்குவது என்று பெயரே சொன்னாலும், அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கினால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய். சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டம் வெப்பமாக மாறிக் கரைகிறது. அப்படியென்றால் ஷாக் தேய்ந்ததற்கு முதல் அடையாளம் சத்தம் அல்ல, அடங்காத ஆட்டம். ஸ்பீட் பிரேக்கர் தாண்டியபின் மூக்கு இரண்டு மூன்று முறை குதிப்பது, பிரேக் போட்டால் முன்பக்கம் ஆழமாகக் குனிவது, டயரின் மேல்பட்டையில் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுவது இவையெல்லாம் உண்மையான சாட்சிகள். 'டக் டக்' சத்தமோ பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் குண்டுமுனை தளர்ந்திருக்கலாம். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். மேல் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துபோயிருக்கலாம். ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் கேட்டால், மவுண்டிங்குக்குக் கீழே உள்ள பேரிங் இறுகியிருக்கலாம். லிங்க் ராட் இரண்டையும் மாற்ற ஆகும் செலவு, ஸ்ட்ரட் ஜோடிக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். சத்தத்தைக் கேட்டு ஸ்ட்ரட் மாற்றியவருக்கு ஒரு வாரத்தில் அதே சத்தம் திரும்பி வருவதன் காரணம் இதுதான்.

எண்ணெய்க் கசிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஷாக்குக்குள் ஏறி இறங்கும் ராடின் மேல்புறம் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அது வியர்வை. சீல் தன் வேலையைச் செய்யும்போது அவ்வளவு எண்ணெய் வெளியே வருவது இயல்பு. துடைத்துவிட்டுச் சில நூறு கி.மீ. ஓட்டியபின் பார்க்கலாம். குழாயின் பாதிவரை வழிந்து, சொட்டுக்கட்டி, மண் சேறுபோல அப்பியிருந்தால்தான் கசிவு. இதோடு தூசி உறையையும் பார்க்க வேண்டும். அந்த ரப்பர் உறை கிழிந்திருந்தால் மும்பையின் மழைக்காலமே போதும். இங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. சேற்றுநீர் கிழிந்த உறைக்குள் புகுந்து, கண்ணாடிபோல் இருக்கவேண்டிய ராடில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலைச் சுரண்டும். 80,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பது அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் சொல்லும் பொதுக்கணக்கு. மும்பைக்காரர்கள் 'கட்டா' என்று சொல்லும் பள்ளங்களில் தினமும் இறங்கி ஏறும் வண்டிக்கு அந்த எண்ணை அப்படியே ஏற்க முடியாது. அதைவிடக் குறைவாகவும் உழைக்கலாம், உறை கிழியாமல் பார்த்துக்கொண்டால் கூடவும் உழைக்கலாம். பள்ளம் என்பது இங்கு நீதிமன்றம் வரை போன விஷயம். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று வரையறுத்தது. தேய்ந்த ஷாக்கோடு ஓடும் வண்டியின் சக்கரம் பள்ளத்தில் தரையை விட்டு எழும்பும், அந்தக் கணத்தில் பிரேக் பிடிக்காது. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் முன்னால் போகும் ஸ்கூட்டர்காரரின் உயிர் இந்தக் கணத்தில் இருக்கிறது. அதனால் இதைச் சொகுசு சம்பந்தப்பட்ட செலவாக நினைத்துத் தள்ளிப்போடக்கூடாது.

ஸ்ட்ரட்தான் கெட்டது என்று உறுதியானால், வண்டியிலிருந்து இறக்குவது கடினமான வேலை அல்ல, ஒழுங்கு கேட்கும் வேலை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கால் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக் டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகக்கூடாது. சக்கரம் கழன்றதும் பிரேக் ஹோஸின் கிளிப், ஏபிஎஸ் சென்சார் ஒயர், லிங்க் ராட் மூன்றையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேரும் இரண்டு தடித்த போல்ட்டுகள். அவற்றை அவிழ்ப்பதற்கு முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. புதியதை மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர், ஓரளவு பழைய இடத்துக்கே வரும். போல்ட் கழன்றதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும், அதைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் முழுப் பாரமும் பிரேக் ஹோஸில் தொங்கும். இந்த ஓர் இடத்தில் அவசரப்பட்டால், ஷாக்கைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்துக்கொள்வோம். கடைசியாக பானெட்டுக்குள் மேல் மவுண்டிங்கைப் பிடித்திருக்கும் நட்டுகள். பல வண்டிகளில் நடுவே ஒரு பெரிய நட்டும் சுற்றி மூன்று சிறிய நட்டுகளும் தெரியும். சுற்றியிருப்பவற்றைத்தான் அவிழ்க்க வேண்டும். நடு நட்டு ஸ்பிரிங்கைச் சிறைவைத்திருக்கும் தாழ்ப்பாள், அதைத் தொடக்கூடாது. எந்த நட்டு எதைப் பிடிக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். தன் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் மேல்பக்கத்தில் கைவைக்கவே கூடாது.

வீட்டு வேலை இந்த நடு நட்டோடு நிற்க வேண்டும் என்கிறேன். பயத்தால் சொல்லவில்லை, கணக்கால் சொல்கிறேன். நடுத்தர எஸ்யூவியின் முன் ஸ்பிரிங் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் அமுக்க இரண்டரைக் கிலோ பாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பதற்காக அதை 15 செ.மீ. அமுக்கினால், அது 375 கிலோ விசையோடு விரியத் துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கியிருக்கும் ஆற்றல், 10 கிலோ அரிசிப் பை ஒன்று முதல் மாடி பால்கனியிலிருந்து தலையில் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரிந்து எதுவும் அசையாது, அதுதான் ஆபத்து. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கொக்கி கம்ப்ரஸர் இரண்டு நீண்ட திருகுகளும் நான்கு கொக்கிகளும்தான். சுருள் சாய்வாகப் போவதால், சமமாக இறுக்காவிட்டால் கொக்கி சுருளின் வழியே மெல்ல நழுவும், ஸ்பிரிங் வாழைப்பழம்போல ஒரு பக்கம் வளையும். அந்த நேரத்தில் முகம் ராடுக்கு நேரே இருந்தால் மருத்துவமனைதான். அமெரிக்கக் காணொளிகளில் இந்தக் காட்சி பெரும்பாலும் இருக்காது. அங்கே ஸ்பிரிங், மவுண்டிங், பேரிங் எல்லாம் சேர்த்துக் கட்டிய முழு ஸ்ட்ரட் கடைகளில் தயாராகக் கிடைக்கிறது. அவர்கள் நடு நட்டைத் தொடுவதே இல்லை. இங்கே பெரும்பாலும் ஷாக் தனியாகத்தான் விற்கப்படுகிறது. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதிய ஷாக்கில் மாட்டியே ஆக வேண்டும். அவர்கள் காட்டும் எளிமையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இடம். முலுண்டில் பெரும்பாலானோர் வண்டி நிறுத்துவது சொசைட்டிக் கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கில், அல்லது காம்பவுண்டுக்குள் பேவர் பிளாக் பதித்த தரையில். பேவர் பிளாக்கின் அடியில் மணல் இருக்கிறது. ஒரு ஸ்டாண்டின் நான்கு சிறு கால்களில் வண்டியின் கால்வாசிப் பாரம் இறங்கினால், ஒரு கல் அமுங்கி ஸ்டாண்ட் சாயும். தடித்த பிளைவுட் பலகை போட்டால் பாரம் பரவும், ஆனால் சரிவான தரையைப் பலகையால் சமமாக்க முடியாது. முலுண்ட் காலனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் காம்பவுண்டுகளில் இது சிறு விஷயமல்ல. லிஃப்ட் வைத்த அடுக்கு பார்க்கிங்கில் இந்த வேலையின் பேச்சே எடுக்கக்கூடாது. சட்டப்படியும் அந்த இடம் முழுக்க நம்முடையதல்ல. தஹிசரைச் சேர்ந்த பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடத்தின் பகுதி, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பொது இடத்தில் எண்ணெய் சிந்துவதற்கும் இரவு முழுக்க ஒரு சக்கரமில்லாமல் வண்டியை நிறுத்துவதற்கும் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், கேட்பதுதான் முறை. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மழை நாட்களில் ஸ்டில்ட்தான் சொசைட்டிக் குழந்தைகளின் கிரிக்கெட் மைதானம். பந்து உருண்டு காருக்கு அடியில் போனால் எட்டு வயதுக் குழந்தை ஸ்டாண்டைப் பார்க்காது, பந்தைத்தான் பார்க்கும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க முடியாது என்றால் வேலையைத் தொடங்கவே கூடாது. சாலையோரம் செய்யலாமா என்றால் அதுவும் கூடாது. மற்றவர்களுக்கு ஆபத்தாகும்படி பொதுச் சாலையில் வண்டியை விட்டுவைப்பதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடுக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது நியாயமானது. மூலைக் கேரேஜிலும் அதே கொக்கிதானே இருக்கிறது, அங்கே போவதால் என்ன பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், சில இடங்களில் கொக்கிகூட இல்லாமல் சங்கிலி சுற்றி, ஒரு பையனை மேலே அழுத்தச் சொல்லிப் பிரிப்பதும் நடக்கிறது. நம் ஆபத்தை இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் தலையில் இறக்குவது இதற்குப் பதிலாகாது. சுவரிலோ இரும்பு ஸ்டாண்டிலோ பதித்த, முழுச் சுருளையும் அணைத்துப் பிடிக்கும் கம்ப்ரஸர் வைத்திருக்கும் கேரேஜைத் தேடிப் போவதுதான் பதில். சஸ்பென்ஷன் வேலையை மட்டுமே செய்யும் கடைகளில் அது இருக்கும். கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதிய ஷாக், மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறையோடு ஒரு ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போகலாம். பிரித்துச் சேர்ப்பதை மட்டும் அவர் செய்வார். பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் அடிமுனை, தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி உட்கார்ந்ததா? நடு நட்டை, ராட் சுழலாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்கினாரா, காற்றுத் துப்பாக்கியால் அடித்தாரா? துப்பாக்கியால் அடித்தால் ராட் உள்ளே சுழன்று புது சீல் முதல் நாளிலேயே காயப்படும்.

இரண்டாவது மறுப்பு, வெளியாள் கைவைத்தால் வாரன்டி போகும், கம்பெனி ஒர்க்ஷாப்பைத் தவிர வேறு இடத்தில் அசல் உதிரி கிடைக்காது என்பது. உதிரிபாகத்தையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. உரிமை நம் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபின் ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது கொள்கைப் பேச்சு அல்ல, அன்றாடக் கவலை. ஆனாலும் வாரன்டி இருக்கும் வண்டியில் ஷாக் கசிந்தால், உரிமையை நிரூபிப்பதைவிடப் புது ஷாக்கை இலவசமாக வாங்கிக்கொள்வது மேல். உரிமை இருக்கிறது என்பதற்காக எந்த உதிரியையும் மாட்டலாம் என்றும் ஆகாது. விபத்தில் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைக் குர்லாவிலோ, நம் ஊர்ப் பக்கம் என்றால் சென்னைப் புதுப்பேட்டையிலோ வாங்குவது கதவுக்கும் கண்ணாடிக்கும் சரி, இதற்குச் சரியல்ல. ராட் ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் வெளியே தெரியாது.

மூன்றாவது, இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு மிச்சம் என்பது. நேர்மையாகச் சொன்னால், அதிகமில்லை. ஜாக், ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் வாங்கினால் முதல் தடவை மிச்சமே இராது. வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்டுக்கு எப்படியும் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், பெயின்ட் கோடு அதற்கு மாற்றல்ல. ஆகவே பணத்துக்காக இதைச் செய்யாதீர்கள் என்பதே என் முடிவு. செய்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. கேரேஜில் நேர நெருக்கடியில் விடுபடுகிற சிறுவேலைகள் வீட்டில் விடுபடாது. நக்கிள் போல்ட்டின் துருவைத் தேய்த்துப் போக்கிப் புது நட்டு போடுவது, பல வண்டிகளில் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் இறுக்கத்தை மேனுவலில் சொன்னபடி ரெஞ்ச்சால் அளந்து வைப்பது, லோயர் ஆர்ம் புஷ்ஷைத் தளர்த்தியிருந்தால் வண்டி தன் பாரத்தில் தரையில் நின்றபின் மட்டும் கடைசி இறுக்கு கொடுப்பது இவை அரைமணி நேரப் பொறுமைதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். இந்தப் பொறுமையை வண்டிக்காரரே கொடுக்கலாம், அல்லது இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேரேஜில் பக்கத்தில் நின்று கேட்டு வாங்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தவரும் எதையும் இழக்கவில்லை. மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுவதாகவும் இதைப் பார்க்க வேண்டியதில்லை. எது கெட்டது என்று தெரிந்து வருபவரிடம் நல்ல மெக்கானிக்குக்கு வேலை எளிது. தெரியாதவரால் லாபம் பார்ப்பவருக்குத்தான் நஷ்டம்.

இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கப் பார்க்கும். கழற்றிய பழைய ஷாக்கைத் தூக்கிப்போடுவதற்கு முன் புதியதின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து ராடைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். புதியது முதல் மில்லிமீட்டரிலிருந்தே எதிர்த்து நிற்கும், விட்டதும் கேஸ் அழுத்தத்தில் மெதுவாகத் தானே எழும். தேய்ந்ததில் நடுவே இரண்டு மூன்று செ.மீ. ஒன்றுமே தடுக்காமல் 'சளக்' என்று இறங்கும். லால் பகதூர் சாஸ்திரி மார்க்கின் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் பிடிப்பின்றி ஆடியது அந்தச் சில சென்டிமீட்டரில்தான். பார்த்து முடிந்ததும் அது பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவிடம் போகும், அங்கிருந்து எங்கோ ஒரு கூடத்துக்குப் போய் வெட்டப்படும். பெரும்பாலான ஷாக்குகளுக்குள் அழுத்தத்தில் நைட்ரஜன் கேஸும் எண்ணெயும் இருக்கின்றன. கேஸ் கட்டரின் தீ பட்டால் குழாய் வெடிக்கும். எடைபோட்டுக் கொடுக்கும்போது, உள்ளே கேஸ் இருக்கிறது, சூடாக்காதீர்கள் என்று அவரிடம் வாயால் சொல்லி, குழாயின் மேல் பெயின்டாலும் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கோடு போட்ட அதே வெள்ளை பெயின்ட் போதும்.